வலி தணிக்கும் மருந்து குழந்தையைச் சென்றடைகிறதா?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே கேட்கிறார்கள்: "வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தால் குழந்தைக்கு ஏதும் ஆகிவிடாதா?" கேள்வி நியாயமானது. "ஒன்றும் ஆகாது" என்று ஒற்றை வரியில் அதைத் தள்ளிவிடுவது சரியன்று. தாய்க்குச் செலுத்தப்படும் வலிநிவாரணிகளுள் பெரும்பாலானவை ஓரளவேனும் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் கலக்கவே செய்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு, பிறப்பதற்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இக்கேள்வியை முறையாக ஆராய முற்பட்டவர்களுள் ஒருவரின் பெயர் உங்கள் குழந்தையின் மருத்துவக் குறிப்பிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய வர்ஜீனியா அப்கார், 1953ஆம் ஆண்டு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டலுக்கு எதிர்வினை, உடல் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வீதம் மொத்தம் 10 மதிப்பெண். தாய்க்குக் கொடுத்த மயக்கமருந்து குழந்தையை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஒப்பிட்டறிய இம்முறை அவருக்கு உதவியது. அறுவைப் பிரசவத்தில் முழு மயக்கம் அளிக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளைவிட, முதுகுத் தண்டில் மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்ததை அவர் அப்போதே காட்டினார். இன்று பிறந்த 1ஆம், 5ஆம் நிமிடங்களில் இம்மதிப்பெண் இடப்படுகிறது. 7க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலைக்கு இடமில்லை.

தசையில் போடப்படும் பெத்திடின் ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது எளிதில் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. ஊசி போட்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் குழந்தையின் உடலில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. அந்நேரத்தில் பிறக்கும் குழந்தை சோர்ந்திருக்கலாம். மூச்சு மெதுவாக வரலாம். பால் உறிஞ்சும் வேகம் குறையலாம். தாயின் உடல் மருந்தை ஒரு நாளுக்குள் பெருமளவு வெளியேற்றிவிடும். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் முதிராததால், மருந்து சிதைந்து உண்டாகும் பொருள் அங்கே இரண்டு, மூன்று நாள்கூடத் தங்கக்கூடும். "குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது" என்று தாய் வருந்தும்போது, பால் இல்லை என்று அவரைக் குறைசொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. டிரமடால் போன்ற ஊசிகளும் குழந்தையை அடைபவையே. மூச்சு மந்தமானால் முகமூடி வழியே மூச்சுக்கு உதவுவதே முதல் சிகிச்சை. அதற்கான ஏற்பாடு பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும்.

இதனால் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வேறோர் இடத்தில் ஊசி போட்டுக்கொண்டபின் இங்கு வருவோர், மருந்தின் பெயரும் போட்ட நேரமும் எழுதிய சீட்டை மறவாமல் கொண்டுவர வேண்டும். சீட்டு இல்லையெனில் நேரத்தையாவது நினைவில் வைத்துச் சொல்லுங்கள். குழந்தையை வரவேற்கக் காத்திருக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு விவரம் பெரிதும் உதவும்.

எபிடியூரல் முறை வேறு விதமானது. கீழ்முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே மருந்து சிறுகச் சிறுகச் செலுத்தப்படுகிறது. தாயின் இரத்தத்தில் கலப்பது குறைவு. குழந்தையை எட்டுவது அதனினும் குறைவு. 2018ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குகொண்ட 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குழந்தையின் அப்கார் மதிப்பெண்ணிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் தேவையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அறுவைப் பிரசவமும் அதனால் கூடவில்லை.

எனினும் மறைமுக விளைவுகள் உண்டு. தாயின் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு மாறலாம். அதனால்தான் அடிக்கடி அழுத்தம் பார்க்கிறார்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். சிலருக்குக் காய்ச்சல் வரும். அது எபிடியூரலால் வந்ததா, தொற்றால் வந்ததா என்று உடனே பிரித்தறிவது கடினம். ஆகவே குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்தால் பதற வேண்டியதில்லை. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோ, குழந்தை மூச்சுவிடத் தொடங்கியதும் நுரையீரல் வழியே விரைவில் வெளியேறிவிடுகிறது.

வலியைத் தாங்கிப் பெற்றால்தான் குழந்தைக்கு நல்லது என்ற எண்ணம் இன்னும் நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. கடும் வலியும் குழந்தையைத் தொடாமல் விடுவதில்லை. வலியில் தாய் மிக வேகமாக மூச்சிரைக்கும்போது அவரது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது; அத்துடன் மன அழுத்தச் சுரப்புகள் பெருகுகின்றன; கருப்பைக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். நலமான குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு இது கூடுதல் சுமை. மருந்து வேண்டாம் என்று தாமே முடிவெடுக்கும் பெண்ணின் விருப்பம் மதிக்கத்தக்கது. அம்முடிவை மாமியாரோ கணவரோ எடுப்பது முறையன்று. அருகிலிருந்து கைபிடித்து ஆறுதல் சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே மருந்தின் தேவை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

முடிவை வலி வந்தபின் எடுப்பது கடினம். ஒன்பதாம் மாதப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் பேசுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், தட்டணுக் குறைவுள்ளோர், முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் அதை அப்போதே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு எபிடியூரல் பொருந்தாமல் போகலாம்.

பிறந்தபின், எந்த மருந்து கொடுத்திருந்தாலும், குழந்தையை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்போடு தோல்படக் கிடத்திப் பாலூட்ட முயலுங்கள். முதலிரு நாள்களில் எழுப்பியும் பால் குடிக்காமை, மூச்சுவிடும்போது விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், இரவு எந்நேரமாயினும், செவிலியரை உடனே அழையுங்கள்.