அனாவதோஸ்

அனாவதோஸ் என்பது கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில் உள்ள, பெரும்பாலும் கைவிடப்பட்ட ஒரு மலைக் கிராமம் ஆகும். ஏஜியன் கடலிலுள்ள இத்தீவின் உட்பகுதியில், செங்குத்தான பாறைக் குன்றின் மேல் இது அமைந்துள்ளது.

அமைப்பு

கடற்கொள்ளையர் அச்சம் நிலவிய நடுக்காலத்தில், பாதுகாப்பு கருதியே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீடுகள் அங்கு கிடைத்த சாம்பல்நிறக் கல்லால் கட்டப்பட்டதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஊரையும் பாறையையும் பிரித்தறிவது கடினம். ஒரு பக்கத்தில் மட்டுமே ஏறும் வழி உண்டு.

வரலாறு

கிரேக்க விடுதலைப் போரின்போது, 1822 ஏப்ரலில் உதுமானியப் படைகள் கியோஸ் தீவில் பெரும் படுகொலை நிகழ்த்தின. பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், மேலும் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். இந்நிகழ்வைப் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ருவா 1824இல் ஓவியமாக்கினார். அனாவதோஸும் வீழ்ந்தது. எதிரிகளிடம் சிக்குவதைவிடச் சாவதே மேல் எனப் பலர் குன்றின் உச்சியிலிருந்து குதித்தனர் என்பது மரபுவழிச் செய்தி. பல தலைமுறைகளைக் காத்த பாறையே அன்று அவர்கள் தப்ப முடியாத இடமாயிற்று.

பின்னர் சிலர் திரும்பிவந்து குடியேறினர். ஆனால் 1881ஆம் ஆண்டு நிலநடுக்கம் தீவைக் கடுமையாகத் தாக்கியது. கடற்கொள்ளையர் அச்சமும் நீங்கிவிட்டதால், ஏறிச்செல்லக் கடினமான குன்றில் வாழ வேண்டிய தேவை இல்லாமற்போனது. மக்கள் படிப்படியாக வெளியேறினர்.

இன்றைய நிலை

தற்போது மிகச் சிலரே இங்கு வசிக்கின்றனர். கூரையிழந்த வீடுகளையும் பழைய தேவாலயத்தையும் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர்.