இரும்பைக் காக்கும் மெல்லிய போர்வை

உத்திரமேரூர் கடைத்தெருவில் வெயிலுக்கு ஒரு கோலி சோடா குடித்திருப்பீர்கள். நாக்கில் சுரீரென்று ஏறுவது எது? நீரில் கரைந்த கரியமில வாயுதான். அது நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. கண்ணாடிப் புட்டி அதைத் தாங்கும். இரும்புக் குழாய் தாங்குமா?

எண்ணெய்க் கிணறுகளில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. பூமிக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் மட்டும் வருவதில்லை. உப்பு நீரும் கரியமில வாயுவும் கூடவே வருகின்றன. ஈரமற்ற கரியமில வாயு இரும்பை அரிப்பதில்லை. நீர் சேர்ந்ததும் அமிலம் பிறக்கிறது. இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளாகி நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்களை அமிலம் பெற்றுக்கொள்ள, ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. குழாயின் சுவர் உள்ளுக்குள்ளேயே மெலிகிறது. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதன் விளைவு கொடியது. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்னும் சிற்றூரில், எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டனர். ஈரமற்ற வாயுவுக்காக அமைத்த குழாயில் நீர் கலந்த வாயு சென்றதால் அதன் உட்புறம் அரிக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

குழாய் முழுவதையும் துருப்பிடிக்காத எஃகால் செய்யலாம். ஆனால் செலவு மிகுதி. அதனால் சாதாரணக் குழாய்க்குள் 'அரிமானத் தடுப்பான்' என்னும் வேதிப்பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். 10 லட்சம் பங்கு திரவத்துக்குச் சில பத்துப் பங்கே பெரும்பாலும் போதும்! இத்தனை சிறிய அளவு அமிலத்தை எப்படி வெல்கிறது?

அது அமிலத்தை வெல்வதில்லை, இரும்பை மறைக்கிறது. இமிடசோலின் வகைத் தடுப்பானின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. நைட்ரஜன் உள்ள தலை இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரோகார்பனாலான வாலுக்கோ, எண்ணெயைப் போல, நீர் ஆகாது. ஏரிப் பாசன வயலில் நட்ட நாற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வேர் சேற்றில், தாள் மேலே. மூலக்கூறுகளும் அப்படி நெருங்கி நின்றால் அமில நீர் இரும்பை எளிதில் தொட முடியாது. மேற்பரப்பை மட்டும் மூடினால் போதும் என்பதால்தான் இவ்வளவு குறைந்த அளவு போதுகிறது.

நாற்று விட்டுப்போன இடத்தில் களை முளைக்கும். தடுப்பான் விட்டுப்போன இடத்தில் இரும்பில் குழி விழும். வேகமாக ஓடும் நீர் போர்வையைக் கிழித்துச் செல்வதும் உண்டு. ஆகவே தடுப்பானை விடாமல் செலுத்தவேண்டும். குழாயின் சுவரையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும்.

1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிமானம் ஒரு முக்கிய ஆய்வுத் துறை. பள்ளியில் நீங்கள் படிக்கும் அமிலம், அயனி, எலெக்ட்ரான் ஆகியவைதாம் அங்கே ஊரையும் உயிரையும் காக்கும் ஆராய்ச்சிக்கு அடிப்படை.