மிதிவெடிக்கு மணம் உண்டு

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தின் வடக்கு எல்லையில், ஏ9 வீதியோரம் இருக்கிறது முகமாலை. பல ஆண்டுகள் போர்முனையாகக் கிடந்த மண். வன்னியிலும் அதன் ஓரங்களிலும் தோண்டி எடுக்கப்படும் மிதிவெடிகளில் ஒன்று பாகிஸ்தான் தயாரிப்பான பி4. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடல் முழுக்கப் பிளாஸ்ரிக். வெடிக்கவைக்கும் ஊசி போன்ற சிறு பாகங்களில் மட்டுமே உலோகம். அதைப் பார்த்து விடுதலைப் புலிகள் செய்த ரங்கன் 99 உம் அப்படியே. அவர்களுடைய ஜொனி 95 இன் கூடோ வெறும் மரப்பெட்டி.

இவற்றைத் தேடப் பெரும்பாலும் கையில் இருப்பது உலோகம் காட்டும் கருவி. அதன் அடியில் உள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டங்கள் சுழலும். அந்தச் சுழிப்பு மின்னோட்டமும் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். கருவி அதைக் கேட்டுத்தான் கூவுகிறது. ஊசி சிறிதானால் குரலும் சிறிது. அதைக் கேட்கும் அளவுக்குக் கருவியைக் கூர்மையாக்கினால், செல் துண்டு, ரவைக்கோது, வேலிக்கம்பி எல்லாவற்றுக்கும் கூவும். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணுக்கே கூடக் கூவும். எது வெடி, எது குப்பை என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கூவலையும் வெடி என்றே எண்ணி, முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்ட வேண்டும்.

ஆனால் செல் துண்டிடம் பெரிதாக இல்லாத ஒன்று மிதிவெடியிடம் இருக்கிறது: மணம். பிளாஸ்ரிக் உறை முழுமையாக அடைத்த உறை அல்ல. உள்ளே இருப்பது ரி.என்.ரி. வெடிமருந்து என்றால் அதன் மூலக்கூறுகள் உறையின் ஊடாகவும் பொருத்துகளின் வழியாகவும் ஓயாமல் கசிகின்றன. ரி.என்.ரி.யைத் தயாரிக்கும்போது அழுக்காகத் தங்கிவிடும் டி.என்.ரி. அதைவிட எளிதில் ஆவியாகும். இந்த மணத்தை மண் அப்படியே மேலே விடுவதில்லை. காய்ந்த மண்துகள் அந்த மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் பட்டதும் நீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, அவை விடுபட்டு மேலெழும். வறண்ட நிலத்தில் ஒளிந்திருக்கும் வெடி, மண் நனைந்தால் கூடுதலாக மணக்கும்.

நாய் இதை மோந்துவிடும். ஆனால் நாய்க்குக் களைக்கும். அதன் மனநிலையும் மாறும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரகமான டார்ப்பா ஒரு கேள்வியைப் போட்டது: நாயின் மூக்கைக் கருவியாகச் செய்ய முடியுமா? திட்டத்தின் பெயரே 'நாய் மூக்கு'. அந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர்களில் ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வோட்டர் என்ற சிற்றூரில் இருந்த நோமாடிக்ஸ் என்ற சிறு நிறுவனமும் ஒன்று. மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் பேராசிரியர் திமொத்தி சுவேகர் உருவாக்கிய ஒரு பொருளை எடுத்து, கையில் பிடிக்கும் கருவிக்குள் வைத்தது. கருவியின் பெயர் பைடோ. ஆங்கிலம் பேசுவோர் நாய்க்கு வைக்கும் பெயர் அது.

அந்தப் பொருள் ஓர் ஒளிரும் பல்பகுதியம். அதாவது ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த நீளமான மூலக்கூறுச் சங்கிலி. கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் அதை மெல்லிய படலமாகப் பூசி, தகுந்த ஒளியைப் பாய்ச்சினால் அது தானும் ஒளிரும். ரி.என்.ரி. மூலக்கூறுக்கு எலெக்ட்ரான் பசி அதிகம். குழாய்க்குள் உறிஞ்சிய காற்றில் அது வந்து படலத்தில் ஒட்டினால், எலெக்ட்ரானை இழுத்து ஒளியை அணைத்துவிடும். வெளிச்சம் மங்கியதா என்று பார்ப்பதுதான் கருவியின் வேலை.

சாமர்த்தியம் இனித்தான். சாதாரண ஒளிர்சாயத்தில் ஒரு ரி.என்.ரி. மூலக்கூறு ஒரு சாய மூலக்கூறை மட்டுமே அணைக்கும். அந்த மங்கலை யாரும் கவனிக்க முடியாது. சுவேகரின் சங்கிலியில், உறிஞ்சிய ஒளியின் சக்தி ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுக ஓடித் திரிகிறது. ஓடுகிற வழியில் எங்காவது ஒரேயொரு ரி.என்.ரி. ஒட்டியிருந்தால் போதும், அங்கே விழுந்து அணைந்துவிடும். கோயில் திருவிழாவில் தொடராகக் கோத்த மின்குமிழ் மாலையில் ஒரு குமிழ் பழுதானதும் மாலை முழுவதும் இருள்கிறதே, அதே கதை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிட்டால் வெடிமருந்து உள்ளே போக வழி இருக்காது. ஆகவே சங்கிலியில் ஆங்காங்கே பருத்த, வளையாத மூலக்கூறுத் துண்டுகளை வைத்து, ரி.என்.ரி. நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

பலன்? சில பெம்டோகிராம் ரி.என்.ரி. இருந்தாலே பைடோ உணரும். ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் கோடிப் பங்காக்கி, அதிலும் பத்தில் ஒன்றை எடுத்தால் அது ஒரு பெம்டோகிராம். அவ்வளவு சிறிய அளவிலும் இருபத்தாறு லட்சம் ரி.என்.ரி. மூலக்கூறுகள் இருக்கின்றன!

இப்படியொரு ஆய்வுக்கு எந்த வங்கியும் கடன் தராது. பலிக்குமா என்று தெரியாது. பலித்தாலும் வாங்குவதற்கு ஆள் அரிது. இந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்கா 1982 இல் சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டத்தைச் சட்டமாக்கியது. வெளியாருக்கு ஆண்டுக்குப் 10 கோடி டொலருக்கு மேல் ஆய்வுப்பணம் வழங்கும் ஒவ்வோர் அரச நிறுவனமும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பங்கு 3.2 சதவீதம்வரை வளர்ந்தது: ஆயிரம் டொலருக்கு 32 டொலர். முதற்கட்டத்தில் சிறு தொகை. எண்ணம் பலிக்குமா என்று மட்டும் காட்ட வேண்டும். பலித்தால் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. மூன்றாவதில் சந்தை. அதற்காக அரசு அந்த நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமையும் செய்தவருக்கே. கைபேசிச் சில்லுகளால் பெயர்பெற்ற குவால்கொம் நிறுவனமும் தன் தொடக்க காலத்தில் இந்தப் பணத்தின் துணையோடு கால் ஊன்றியது. இந்தியா 2005 இல் உயிரித் தொழில்நுட்பத்துக்கென இதேபோன்ற திட்டமொன்றைத் தொடங்கியது.

மிதிவெடிக்காகப் பிறந்த பைடோ பிறகு எங்கே போனது? ஈராக்கில் வீதியோரக் குண்டுகளைத் தேடும் றோபோக்களில் ஏறியது. நிறுவனமும் கைமாறிக் கைமாறிப் பெரிய நிறுவனங்களுக்குள் போனது. மிதிவெடியை விட்டு அது விலகியதன் காரணம் விளங்கக்கூடியதே. மணம் வெடியின் நேர்மேலே நிற்பதில்லை. மழைநீரோடும் காற்றோடும் நகரும். பழைய போர்க்களத்தில் வெடித்த குண்டுகளின் எச்சமும் மணக்கும். 'இந்த நிலத்தில் ஏதோ இருக்கிறது' என்று சொல்லும் கருவி, 'இந்தச் சாண் இடத்தில் இருக்கிறது' என்று சொல்லத் தடுமாறும். அதோடு, பணம் கொடுத்து வாங்கியவர் கேட்ட கேள்வி இராணுவத்தின் கேள்வி. வயலுக்குத் திரும்பக் காத்திருக்கும் கமக்காரரின் கேள்வி அல்ல.

இலங்கையிலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்காரவின் குழு ஒரு கீரியையும் ஒரு றோபோவையும் ஒன்றாகக் கட்டியது. மோப்பம் கீரியின் வேலை. வழிநடத்துவது றோபோவின் வேலை. கீரியின் எடை வெடியை அமுக்காது என்பதுதான் அதன் சூட்சுமம்.

இன்னும் எளிய கண்டுபிடிப்பு, 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்த மண்ணிலேயே உருவானது. நோர்வே மக்கள் உதவி நிறுவனம் உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து செம்மைப்படுத்திய றேக் முறை அது. நீண்ட கைபிடி, இரும்புப் பற்கள். கனமான றேக் இறுகிய மண்ணை உடைக்கும். இலேசான றேக் உதிர்ந்த மண்ணைத் தன் பக்கம் வாரும். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால் வெடிப்பது. இவர்களோ முன்னே ஒரு பள்ளம் வெட்டி, அதன் சுவரைப் பக்கவாட்டிலிருந்து அரித்து வருகிறார்கள். வெடியின் தலை அமுங்குவதற்கு முன் அதன் விலா தெரிந்துவிடும். மின்கலம் வேண்டாம், வெடியில் உலோகம் இருக்கவும் வேண்டாம். பிளாஸ்ரிக்கோ மரப்பெட்டியோ, எல்லாம் அகப்படும். விலையாகக் கொடுப்பது நேரமும் உடலுழைப்பும்தான். அந்த உழைப்பைத் தருவோரில் வன்னிப் பெண்கள் பலர்.

2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலம் முழுவதையும் துப்புரவாக்க அது விதித்த முதற்கெடு 2028 ஜூன் 1. இதே வன்னியில், கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. படித்து வெளியேறும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினால், அரசு ஆய்வுப்பணத்தில் ஆயிரத்துக்கு 32 ரூபா அவர்களுக்கென்று சட்டமாக ஒதுக்கட்டும். பணத்தோடு கேள்வியையும் இந்த மண்ணிலிருந்தே கொடுக்கட்டும்: ஈரமண்ணின் மணத்தை எப்படி அளப்பது, றேக் பிடிக்கும் கையின் வலியை எப்படிக் குறைப்பது, துப்புரவான நிலத்தில் முதற்போகத்துக்கு என்ன செய்வது. கேள்வியை யார் கேட்கிறாரோ, கருவி அவருக்கே கிடைக்கும்.