நஞ்சன்கூடு செல்வோர் வாங்கத் தக்கவை: ரசபாளே வாழையும் பல்பொடியும்

மைசூரு: மைசூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்குச் செல்வோர், அதிகச் செலவின்றி வாங்கக்கூடிய உள்ளூர்ப் பொருள்கள் ரசபாளே வாழைப்பழமும் பல்பொடியும் ஆகும்.

புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளே, தமிழகத்தின் ரஸ்தாளிக்கு நெருங்கிய இனம். மணமும் இனிப்பும் மிக்கது. ஆனால், பனாமா வாடல் நோயால் அதன் சாகுபடி பெரிதும் சுருங்கிவிட்டது. நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடுவதால், பாதிக்கப்பட்ட நிலத்தில் அதே வாழையை மீண்டும் பயிரிடுவது கடினம். எனவே, அசல் ரசபாளே கிடைப்பதே அரிது. பெயரை மட்டும் நம்பி முழுச் சீப்பையும் வாங்காமல், எந்தத் தோட்டத்துப் பழம் என விசாரித்து, முதலில் ஒன்றைச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. நன்கு பழுத்தது நீண்ட பயணத்தில் நசுங்கிவிடும். அங்கேயே உண்பது மேல்.

உறவினர்களுக்கு எடுத்துச் செல்ல ஏற்றது பல்பொடியே. பி.வி.பண்டிதர் 1913-இல் தொடங்கிய சத்வைத்யசாலாவின் இளஞ்சிவப்பு நிறப் பொடி, கர்நாடக வீடுகளில் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டது. பையில் அதிக இடத்தை அடைக்காது; வாங்கும்போது உறையில் தயாரிப்பாளர் பெயரையும் தேதியையும் பார்த்துக்கொண்டால் போதும்.