சலங்கையோடு ஒரு பரீட்சை
மேடைக்கு முன்னால் – 9

அலாரிப்பு பிசகில்லாமல் முடிந்துவிட்டது. பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. எதிரே நாற்காலியில் இருக்கும் வெளியூர்த் தேர்வாளர், “இனி ஆட வேண்டாம், கையில் தாளம் போட்டு அதன் சொல்லை மட்டும் சொல்லு” என்கிறார். அங்கேதான் சிக்கல். காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வர மறுக்கிறது. முதல் காலத்தில் எப்படியோ சமாளித்தவள், இரண்டாம் காலத்துக்குப் போனதும் கை ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று நிற்கிறாள். வெளியே காத்திருக்கும் டீச்சருக்கு இது கதவு வழியாகவே கேட்டுவிடும்.

மகாராஷ்டிரத்தில் இசையும் நாட்டியமும் கற்கும் வீடுகளுக்கு இந்த அறை புதிதல்ல. அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டல் நடத்தும் படிநிலைத் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு பருவம் வருகின்றன. முதல் படி பிராரம்பிக். பிறகு பிரவேஷிகா, மத்யமா, விஷாரத் ஒவ்வொன்றும் பிரதம், பூர்ண என இரண்டிரண்டாக. ஆண்டுக்கு ஒரு படி ஏறினாலும் விஷாரத் முடிக்க ஏழு ஆண்டுகள். அதற்கும் மேலே அலங்கார். கீழ்ப் படிகளில் வாய்மொழிக் கேள்விகளோடு விட்டுவிடுவார்கள். மேலே போகப் போக எழுத்துத் தாளும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஏணிக்கு அடிபோட்டவர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர். சிறுவயதில் பட்டாசு வெடித்துக் கண் பார்வை கெட்டதால், மீரஜில் பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சீகரிடம் பாட்டுக் கற்கச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் பாட்டு ராஜாக்கள் தயவில் பிழைத்தது. வித்தையோ அந்தந்தக் கரானா, அதாவது இசைப் பரம்பரை, வீட்டைத் தாண்டி எளிதில் வெளியே வராது. 1901 மே 5 அன்று லாகூரில் அவர் தொடங்கிய காந்தர்வ மகாவித்யாலயம் பொதுமக்கள் நன்கொடையை நம்பி நடந்தது. பாடத்திட்டம், வகுப்பு, ஸ்வரக் குறியீட்டோடு அச்சிட்ட புத்தகம் என்று பள்ளிக்கூடத்துக்கு உரிய எல்லாமே பாட்டுக்கும் வந்தன.

இதில் முக்கியமானது உபதேசக் வகுப்பு. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே அவர் நடத்திய வகுப்பு அது. ஓம்காரநாத் தாக்கூர், விநாயகராவ் பட்வர்தன், நாராயணராவ் வியாஸ் போன்ற பெரிய பாடகர்கள் அவருடைய சீடர்கள்தாம். ஆனால் அவர்களைவிட, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பாட்டு வாத்தியார்களே பலூஸ்கரின் பெரிய சாதனை என்று சொல்லத் தோன்றுகிறது. 1931-இல் அவர் மறைந்த பின் சீடர்கள் அகமதாபாத்தில் கூடி மண்டலை அமைத்தார்கள். பள்ளிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தாலும் பாடமும் பரீட்சையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்காகப் பிறந்த ஏணியில் கதக்கோடு பரதநாட்டியமும் ஏறிக்கொண்டது. பம்பாய் மாதுங்காவில் தஞ்சை நட்டுவனார் மரபில் வந்த ஏ.டி. கோவிந்தராஜ பிள்ளையும் டி.பி. குப்பையா பிள்ளையும் 1945-இல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கினார்கள். அந்த மரபில் பெண் அரங்கேற்றத்துக்குத் தயாரா என்பதைத் தட்டுக்கழியைப் பிடித்தவர்தான் முடிவு செய்வார், மேல்முறையீடு கிடையாது. அதே மும்பையில் இன்று அடவு, அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படி, ஒரு மதிப்பெண் பட்டியல். குரு சொல்லவேண்டியதை முன்பின் தெரியாத ஒருவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்.

அந்தச் சில நிமிடங்களில் எதைக் கேட்க முடியுமோ அதைத்தான் கேட்பார்கள். 28 ஒற்றைக் கை முத்திரைகளின் பெயர் கேட்கலாம். தட்டடவை மூன்று காலத்தில் ஆடச் சொல்லலாம். பாட்டு மாணவனிடம் பத்து மாத்திரை ஜப்தால் தாளத்தின் டேக்காவை, அதாவது அதன் அடிப்படைச் சொற்கட்டை, கையில் போட்டு இரட்டை வேகத்தில் சொல்லச் சொல்லலாம். ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது முகத்தில் வருவதை எத்தனை மதிப்பெண் என்று பிரிப்பது? பிரிக்கிறார்கள்; வேறு வழியில்லை. ஆனாலும் சொல்லைத் தாளத்தோடு சொல்லவைக்கும் அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தேர்வைப் பாராட்டலாம். பார்த்து ஆடுகிறவளையும் புரிந்து ஆடுகிறவளையும் அது உடனே பிரித்துக் காட்டிவிடும். நாளைக்கு நட்டுவாங்கம் செய்யப்போகிறவளுக்கு அதுதான் மூலதனம்.

சில ஆண்டுகளாக மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் கலைத் தேர்வுகளுக்காகக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. கணக்குப் பரீட்சையில் விட்டதை நாட்டியத்தில் பிடித்துவிடலாம் என்று பெற்றோர் கணக்குப் போடுவதில் வியப்பில்லை. எட்டாம் வகுப்பிலேயே, “டீச்சர், பத்தாவதுக்குள்ள எத்தனை பரீட்சை முடிச்சிடலாம்?” என்று கேட்கிறார்கள். பத்தாவது முடிந்ததும் சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிற வீடுகளும் உண்டு.

நிலைத்து நிற்பவர்களில் பலர் விஷாரத் வாங்கிய கையோடு வீட்டு வாசலில் பலகை மாட்டுகிறார்கள். ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. பலூஸ்கர் கண்ட உபதேசக் இவர்கள்தாம் என்று ஒரு கட்சி. பாடத்திட்டத்தில் உள்ள உருப்படிகளைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் எதைச் சொல்லிக்கொடுப்பார் என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டை அலங்கார் படியில் இன்னும் சூடாகும். அது அடுத்த வாரம்.