வேலூர்க் கல்யாண மண்டபச் சிற்பங்களில் மெய்ப்பாடும் விளையாட்டும்

மெய்ப்பாட்டைச் செய்யுளுறுப்பாகவே வைத்து ஆராய்தல் நம்மிடையே வழக்கம். தொல்காப்பியர் பொருளதிகாரத்துள் அதற்குத் தனியியல் வகுத்தமையும், உரையாசிரியர்கள் அதனை நாடகநூற் கொள்கையோடு இயைத்துக் காட்டியமையும் அறிஞர் அறிந்தனவே. கல்லிற் செதுக்கிய உருவிற்கும் அக்கொள்கை பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா. அதற்கு விடை காண்டற்கு ஏற்ற களமாக விளங்குவது, வேலூர்க் கோட்டையினுள் அமைந்த சலகண்டேசுவரர் கோயிற் கல்யாண மண்டபம்.

விசயநகர வேந்தர்க்கு அடங்கிய நாயக்கர் காலத்தில், கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது இம்மண்டபம். இதன் தூண்களிற் பாய்ந்தெழும் குதிரைகளையும், அவற்றின்மேல் அமர்ந்த வீரரையும், யாளிகளையும் காண்கிறோம். மருட்கை தோன்றுதற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் கூறுவர். எவரும் கண்டிராத யாளி புதுமைக்கும், ஓங்கி நிற்கும் குதிரை பெருமைக்கும், தூணின் சதுரங்களில் அடங்கிய நுண்ணிய உருவங்கள் சிறுமைக்கும் சான்றாகும்.

எஞ்சிய ஆக்கத்திற்குச் சான்று யாது? ஒன்று மற்றொன்றாதலே ஆக்கமெனக் கொள்ளின், இம்மண்டபத்தில் உள்ள காளையும் யானையும் இணைந்த சிற்பமே அதற்குச் சான்று. உடல் இரண்டு, தலை ஒன்று. ஒருபுறத்து உடலை மறைத்து நோக்கின் அத்தலை காளையினது. மறுபுறத்தை மறைப்பின் அதுவே யானையினது. இவ்வமைப்பு வேலூர்க்கே உரியதன்று; 12-ஆம் நூற்றாண்டுத் தாராசுரம் கோயிலிலும் உண்டு.

காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே செய்யுளுள் அடக்கிய சிலேடையை இஃது ஒக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிலேடையைச் சுவைத்தற்குச் சொற்பயிற்சி வேண்டும். இச்சிற்பத்தைச் சுவைத்தற்குக் கையொன்றே சாலும். காண்போன் கையை உயர்த்தும்வரை சிற்பம் முற்றுப்பெறுவதில்லை. உவகையின் நிலைக்களங்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர் கருத்து இங்கே விளக்கம் பெறுகிறது. கற்றாரும், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிட்டு வாழும் தொழிலாளரும் இவ்விளையாட்டில் ஒரு நிகரே.

இவ்வுணர்ச்சி பத்தியால் வருவதேயன்றிச் சிற்பத்தால் வருவதன்று எனச் சிலர் மறுக்கக்கூடும். அம்மறுப்பிற்கு இக்கோயிலின் வரலாறே விடை கூறும். நெடுங்காலம் இங்கு வழிபாடு நிகழவில்லை. ஆங்கிலேயர் இதனைப் படைக்கலக் கொட்டிலாகப் பயன்படுத்தினர். 1981-இல்தான் இலிங்கம் மீண்டும் நிறுவப்பெற்றது. வழிபாடு இல்லாத அக்காலத்தில், 1876-இல் வெளிவந்த தம் கட்டடக்கலை வரலாற்று நூலில் இம்மண்டபத் தூணை எடுத்து விளக்கினார் பெர்குசன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர். சமயப்பற்றும் மொழியுறவும் இல்லாத அவரையும் கல் ஈர்த்தது. இதனால் பத்தி பயனற்றதென்பது கருத்தன்று. அது நீங்கியவிடத்தும் மெய்ப்பாடு எஞ்சுகிறது என்பதே கருத்து.

இவ்வியல்பு கல்லிற்கு மட்டும் உரியதுமன்று. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் வாணிகப் பொருளாகிறது. தென்மாவட்டங்களில் வழங்கிவரும் தோற்பாவைக் கூத்திலோ அதே தோல் கலைப்பொருளாகிறது. ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய இராமாயணப் பாவைகள் விளக்கொளியில் அவலத்தைக் காட்டுகையில், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையே புகுந்து நகை விளைப்பர். அழுகைக்கு அருகே நகையை வைத்தமையால் காண்போர் அயர்வின்றி இருந்து காண்கின்றனர். கல்லிற் சிற்பி செய்ததும் அதுவே: பெருமையுடைய தூண்களுக்கிடையே ஒரு சிறு விளையாட்டை அவன் ஒளித்து வைத்தான்.

ஆகவே, இத்தகைய உருவங்களை வெறும் அணிவேலையென ஒதுக்குதல் பொருந்தாது. மெய்ப்பாட்டியலைப் பாடங்கேட்கும் மாணவர் ஏட்டோடு நில்லாது இம்மண்டபத்தையும் காணுதல் வேண்டும். காணுங்கால் ஒன்று கருதத்தக்கது. பலர் கைபட்டுக் கல் தேயும். தேய்ந்த சிற்பம் பின்வருவோரோடு விளையாடாது. கையைச் சிற்பத்தின்மேல் வைத்தல் வேண்டா. சற்றே விலகி நின்று, கண்முன் பிடித்து மறைத்தலே போதும். காளை யானையாகும், கல்லும் நிலைபெறும்.