டைரக்டர் தாளம் போடுறார்!

செஞ்சின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேசிங்குராஜன், அவரோட பாராசாரிக் குதிரை, ராஜகிரி உச்சிக்குப் போறதுக்குள்ள நாக்கு தள்ளினது, மேல குரங்கு பிடுங்கிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்! கொஞ்சம் பேப்பர் படிக்கிற ஆளா இருந்தா, 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சே, அதுல தமிழ்நாட்டுல இருக்கிற ஒரே கோட்டை எங்க ஊருதுன்னு சொல்வீங்க. கரெக்ட். ஆனா, எங்க ஊர்ல இன்னொரு சமாசாரம் இருக்கு. அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல வரணும், அவ்வளவுதான்.

முதல்ல என் சோகக்கதையைச் சொல்லிடுறேன். போன வருஷம் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல 'தேசிங்கு' நாடகம். டைரக்டர், செட் டிசைனர் ரெண்டுமே ஐயாதான். தெர்மாகோல்ல ஆறடிக்குக் கோட்டை கட்டினேன். பெயின்ட் அடிச்சு, செங்கல் கோடெல்லாம் போட்டு, பார்க்க சூப்பரா இருந்துச்சு. தேசிங்கு வாளை உருவி வசனம் பேச ஆரம்பிச்சார். பெடஸ்டல் ஃபேனை யாரோ திருப்பிட்டாங்க. கோட்டை அப்படியே ராஜா முதுகுல சாய்ஞ்சுது. ஆற்காட்டு நவாப் படை வர்றதுக்கு முன்னாடியே செஞ்சி காலி! நான் சைடு விங்ல நின்னு 'கன்டினியூ, கன்டினியூ'னு கத்தினது மைக்ல கேட்டுச்சாம். 1714-ல செத்த மனுஷனை நான் ரெண்டாவது தடவை கொன்னுட்டேன்.

இதை லீவுல பெரியப்பாகிட்டச் சொன்னேன். அவர் தெருக்கூத்து வாத்தியார். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டைரக்டருன்னா நீ ஏண்டா தம்பி உள்ளே ஒளிஞ்சுக்கினு நின்னே?"

அந்தக் கேள்விக்காகத்தான் மறுபடி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூத்து பார்த்தேன். சின்ன வயசுல பார்த்திருக்கேன், பாதியில தூங்கியும் இருக்கேன். இந்தத் தடவை நடிகர்களை விட்டுட்டு வாத்தியாரையே பார்த்தேன். கூத்துல டைரக்டர் ஒளிய முடியாது பாஸ். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணைக்காரங்களோட பெஞ்சுகிட்ட, கையில தாளத்தோட எல்லாருக்கும் தெரியுற மாதிரி நிக்கிறார். ஆடுறவருக்கு மூச்சு வாங்குதா? பின்பாட்டை இழுத்துப் பாடி அவருக்கு ரெஸ்ட் கொடுக்கிறார். கூட்டம் கொட்டாவி விடுதா? கட்டியக்காரனுக்கு ஒரு பார்வை. அவன் உடனே புகுந்து, துரியோதன மகாராஜாவையே கலாய்ச்சு ஊரை எழுப்பிடுறான். ரிகர்சல்ல முடியுற வேலை இல்லை இது. விடியவிடிய லைவ் டைரக்‌ஷன்!

செட்? ஒரு பெஞ்சு. அதுதான் சிம்மாசனம், அதுதான் தேர், களைச்சா உட்கார்ற இடமும் அதேதான். அப்புறம் ஒரு திரை. ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பின்னால வேஷக்காரர் பாடுறார். உங்களுக்குத் தெரியறது மேலே கிரீடத்தோட நுனி, கீழே சலங்கை கட்டின கால். குரல் ஏறிக்கிட்டே போகுது. 'முகத்தைக் காட்டித் தொலைய மாட்டாரா'ன்னு நாம தவிக்கிற நேரத்துல திரை விலகும். ஒரு முழத் துணியில இவ்வளவு சஸ்பென்ஸ். என் தெர்மாகோல் கோட்டையோட பட்ஜெட்டை நினைச்சு வெட்கமா இருந்துச்சு.

காஸ்ட்யூம்தான் எனக்கு நிஜமான ஷாக். கிரீடம், தோள்ல புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாமே மரம். 'கட்டை'ன்னு சொல்றாங்க. கூத்துக்கே 'கட்டைக்கூத்து'ன்னு ஒரு பேர் உண்டு, அது இந்தக் கட்டையில இருந்து வந்ததுதான். யோசிச்சுப் பாருங்க, போட்டுக்கிற நகையோட பேரையே ஒரு நாடகக் கலைக்கு வெச்சிருக்காங்க! கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தைச் செதுக்கி, ஜிகினாக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டுறாங்க. கண்ணாடி ஏன்? தீவட்டியில ஆடின காலத்தை நினைச்சா புரியும். சுடர் ஆட ஆட ராஜா தகதகன்னு மின்னியிருப்பார். டியூப்லைட்ல அந்தப் பாதி மேஜிக் போயிடுச்சுங்கறது என் சொந்தக் கருத்து.

எங்க பக்கம் இதெல்லாம் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவோட சேர்ந்தது. பழைய செஞ்சின்னு சொல்ற மேலச்சேரி கோயிலைத்தான் திரௌபதி அம்மனோட ஆதி பீடமாச் சொல்வாங்க. ஆல்ஃப் ஹில்டபீட்டல்ங்கற அமெரிக்கப் பேராசிரியர் இந்த வழிபாட்டைப் பத்தி எழுதி 1988-ல வந்த புத்தகத்தோட தலைப்பிலேயே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம்'னு எங்க ஊர் பேர் இருக்கு. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு நடிகர் நெட்டக்குத்தலா நிக்கிற தபசு மரத்துல பாடிக்கிட்டே ஏறுவார். மேலே இருந்து எலுமிச்சம்பழம், விபூதின்னு போடுவார். குழந்தை வேணும்னு கீழே ஈரப்புடவையோட காத்திருக்கிற பெண்கள் மடியேந்திப் பிடிப்பாங்க. அவங்களை 'ஆடியன்ஸ்'னு சொல்ல எனக்கு வாய் வரலை.

கடைசியில படுகளம். ராத்திரியெல்லாம் பதினெட்டாம் போர் ஆடி முடிச்ச பீமனும் துரியோதனனும் காலையில வெட்டவெளிக்கு வந்துடுவாங்க. அங்கே மண்ணால செஞ்ச துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பார். முப்பது, நாற்பது அடி, சில ஊர்ல அதுக்கும் மேலே. மண்ணைக் குவிச்சு, உருட்டி, முறைக்கிற கண்ணும் முறுக்கின மீசையும் வெச்சு, வண்ணம் பூசி... சாயங்காலம் அது வெறும் மண்மேடு. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஒரு டிராயிங்கூட இல்லாம கண் அளவுல செய்றாங்க! அந்த உருவத்தோட தொடையில செந்நிற நீர் இருக்கும். பீமன் அங்கே அடிச்சதும் அம்மன் கூந்தல் முடிவாங்க. அதுவரைக்கும் செட்டா இருந்தது, அந்த நிமிஷத்துல செட் இல்லை. பக்கத்துல நின்ன பாட்டிக்கு அருள் வந்துடுச்சு. நான் நோட்டை மூடிட்டேன்.

'இதெல்லாம் கிராமத்து மேட்டர்'னு நினைக்கிறீங்களா? ந.முத்துசாமி 1977-ல சென்னையில கூத்துப்பட்டறை ஆரம்பிச்சப்போ அவருக்கு உந்துதலே கூத்துதான். செய்யாறு பக்கம் புரிசை கண்ணப்பத் தம்பிரான்தான் நவீன நாடகக்காரங்களுக்கு வாத்தியார். பாரீஸ்ல 'தியேட்டர் து சொலெய்'ன்னு உலகப் புகழ் பெற்ற குழு இருக்கு. அதோட டைரக்டர் அரியான் முனூஷ்கின், தம்பிரானோட மகன் சம்பந்தனை வாத்தியாரா வெச்சு, பிரெஞ்சு நடிகர்களைத் தமிழ்லேயே கூத்துப் பாட வெச்சார். நாடகம் பேர் 'இந்தியாவில் ஓர் அறை', 2016. அடுத்த வருஷம் நியூயார்க் வரைக்கும் போச்சு. கதை என்ன தெரியுமா? இந்தியாவுக்கு வந்த குழுவை அம்போன்னு விட்டுட்டு டைரக்டர் ஓடிடுறார். அசிஸ்டென்ட் பெண் தலையில எல்லாம் விழுது. எனக்கு ரொம்பப் பரிச்சயமான கதை!

சரி, பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். அவரோட துரியோதனன் கிரீடம் விரிசல் விட்டு, கம்பி கட்டி ஓடிக்கிட்டு இருக்கு. செஞ்சு கொடுத்த ஆள் இப்ப உயிரோட இல்லை. 'மெக்கானிக்கல் படிக்கிற புள்ளை இருக்கேன்ல'ன்னு நான் களத்துல குதிச்சேன். ஃபோம் ஷீட், ஃபெவிகால், ஜரிகை. பழைய கிரீடத்துல கால்வாசி வெயிட்கூட இல்லை. பெருமையா நீட்டினேன். பெரியப்பா தலையில கட்டிக்கிட்டு ஒரே ஒரு கிறுக்கி சுத்தினார். கிரீடம் காதுக்கு வந்து தொங்குச்சு.

"இது தொப்பிடா தம்பி" என்றார்.

கோபமே இல்லை. அப்புறம் பழைய கிரீடத்தை என் தலையில வெச்சுக் கட்டினார். கழுத்து தானா நிமிர்ந்துச்சு. குனிஞ்சா சரியும், அதனால குனிய முடியலை. சுத்தினப்போ அந்த வெயிட் உடம்பை இழுத்துக்கிட்டுப் போச்சு. நம்ம லேப்ல ஃப்ளைவீல்னு படிக்கிறோமே, அதேதான்! ராஜநடையில பாதியை நடிகர் நடக்கிறார், மீதியை மரம் நடத்துது. அந்த ஆசாரி இதை யாருக்கும் எழுதி வெச்சுட்டுப் போகலை.

இப்ப எங்க வீட்டுத் திண்ணையில ஒரு கல்யாண முருங்கைத் துண்டு கிடக்கு. பழைய கிரீடத்தை ஸ்கேல் வெச்சு அளந்து படம் போட்டுட்டேன். ரெண்டு துண்டு வீணாப் போச்சு, இடது கட்டைவிரல்ல மூணு தையல். புஜக்கீர்த்தி ஒண்ணு தேறியிருக்கு. பெரியப்பா அதைக் கையில எடுத்துத் தூக்கிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை, பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டார். கிரீடம் இன்னும் பாக்கி. திருவிழாவுக்குள்ள முடியுமான்னு தெரியலை. நீங்க வந்தா நடுராத்திரி பனிக்கு ஒரு போர்வை எடுத்துட்டு வாங்க. வாத்தியார் முகம் தெரியுற பக்கமா இடம் பிடிச்சுக்கோங்க. திரையோட இடது முனையைப் பிடிச்சுக்கிட்டு, விரல்ல கட்டோட ஒருத்தன் நின்னா, அது நான்தான்.